வாசலுக்கு அடியில் ஹீட்டர்: அங்கிளுக்கு என் பதில்

பரீட்சை ஒரு பக்கம், மாண்ட்ரியல் பனி ஒரு பக்கம்.

நான் வாடகைக்கு இருக்கிற வீட்டுக்காரர் யாழ்ப்பாணத்துக்காரர். வயசு அறுபத்தாறு, போன வருஷம்தான் இதயத்துல ஸ்டென்ட் வெச்சாங்க. போன வாரம் 20 சென்டிமீட்டர் கொட்டின மறுநாள், நான் எழுந்து வர்றதுக்குள்ள பாதி டிரைவ்வேயை அள்ளிட்டு, ஷவலை ஊன்றி மூச்சு வாங்கிக்கிட்டு நின்னார்.

“தம்பி, நீர் கரண்ட் படிக்கிற பிள்ளைதானே. நிலத்துக்குக் கீழ வயர் போட்டு சினோவை உருக்கலாமாம். போடுவமோ?”

அப்போதைக்குச் சிரிச்சு மழுப்பிட்டேன். அப்புறம் உட்கார்ந்து கணக்குப் போட்டேன்.

விஷயம் தோசைக்கல் மாதிரிதான். கான்கிரீட்டோ தாரோ போடும்போதே சூடாகிற கேபிளைப் பாய் மாதிரி விரிச்சுப் புதைச்சுடணும். பழைய தளம்னா பெரும்பாலும் பெயர்க்கணும். ஈரமும் குளிரும் சேர்ந்தா சென்சார் தானே ஸ்விட்ச் போடும். சதுர மீட்டருக்குச் சுமார் 500 வாட். அங்கிள் டிரைவ்வே 50 சதுர மீட்டர், ஆக 25 கிலோவாட். 240 வோல்ட், 200 ஆம்பியர்னு வீட்டுக்கு வர்ற இணைப்புல பாதிக்கு மேல இதுக்கே போயிடும்!

அந்த 20 சென்டிமீட்டர் புதுப் பனி அவர் வாசல்ல மட்டும் ஒரு டன் எடை. மைனஸ் 10-ல இருக்கிற அதை உருக்க, ஏட்டுக் கணக்குப்படி 100 யூனிட். மண்ணுக்கும் காத்துக்கும் பாதி சூடு போச்சுன்னா 200. நம்மூர்ல 2016-ல வீடுகளுக்கு 100 யூனிட் இலவசம்னு வந்துச்சே, அது ரெண்டு மாசத்துக்கு. அது போல ரெண்டு பங்கு இங்கே ஒரே ராத்திரியில சாக்கடைக்குப் போகும்.

வேடிக்கை என்னன்னா, பில் பெரிசா வராது. ஹைட்ரோ-கெபெக் நாளைக்கு 40 யூனிட் வரை ஏறத்தாழ 7 சென்ட், அதுக்கு மேல 11 சென்ட் அளவுல வாங்குது. ஒரு பனிக்கு இருபது டாலர் சொச்சம். ஆனா இங்கே பெரும்பாலான வீடுகளைச் சூடாக்குறதே கரண்ட்தான். 2023 பிப்ரவரி 3-ந்தேதி கடுங்குளிர்ல மாகாணத்தோட தேவை 43,000 மெகாவாட்டைத் தாண்டுச்சு. அப்படிப்பட்ட நேரத்துல ஆளாளுக்கு வாசலையும் சூடாக்கினா?

அமெரிக்காவுல மிச்சிகன் மாநிலத்து ஹாலண்ட் நகரம் 1988-லிருந்தே தெருவுக்கு அடியில வெந்நீர் ஓட்டுது. ஆனா அது மின் நிலையத்துல வீணாப் போகிற சூடு. இங்கேயும் செயின்ட் கேத்தரின் தெருவுல நடைபாதையைச் சூடாக்க 2015-ல திட்டம் போட்டு, 2017-ல கைவிட்டாங்க.

சோம்பேறிகளோட ஆடம்பரம்னு இதோட முடிச்சிருப்பேன். ஆனா 2017-ல கனடிய மருத்துவச் சங்க இதழ்ல வந்த ஒரு ஆய்வு விடல. 1981 முதல் 2014 வரையிலான கெபெக் பதிவுகள். 20 சென்டிமீட்டர் பனி பெய்த மறுநாள், ஆண்கள் மாரடைப்புல சாகிற அபாயம் பனியில்லாத நாளைவிட 34 சதவீதம் அதிகம். பெண்கள்கிட்ட அப்படித் தெரியல. பனி அள்ளுறது காரணமா இருக்கலாம்ங்கிறாங்க. ஷவலை ஊன்றி நின்ன அங்கிள் முகம் ஞாபகம் வந்துச்சு.

அதனால என் கட்சி இதுதான்: காருக்கு வேண்டாம், மனுஷனுக்குப் போடலாம். வாசல் படிக்கும், படியிலிருந்து தெரு வரைக்கும் ஒரு மீட்டர் அகலத்துல நடக்கிற வழிக்கும் மட்டும் கேபிள். ஆறேழு சதுர மீட்டர், மூணு கிலோவாட் சொச்சம். அவரும் ஆன்ட்டியும் வழுக்கி விழாம இறங்கலாம். மிச்சத்தைத் தள்ள சீசனுக்குக் காசு வாங்கிக்கிட்டு டிராக்டர்ல வர்றவங்க இருக்காங்க. கேபிள் புதைக்கிற செலவுல எத்தனையோ வருஷத்துக்கு அவங்களைக் கூப்பிடலாம்.

இதைச் சொன்னா, “என்ர வாசலை நானே துப்புரவாக்கினாத்தான் எனக்குத் திருப்தி தம்பி”ம்பார். நாற்பது வருஷமா அள்ளின கை. அந்தப் பிடிவாதத்தை உருக்க எத்தனை வாட் வேணும்னு எந்தப் பாடப் புத்தகத்துலயும் இல்ல :-)

இன்னிக்கு ராத்திரி 15 சென்டிமீட்டராம். அஞ்சு மணிக்கு அலாரம் வெச்சு, ஷவலை என் ரூம்ல ஒளிச்சு வெச்சிருக்கேன். வீட்டுல பெரியவங்களைத் தடுத்த அனுபவம் இருந்தா பின்னூட்டத்துல சொல்லுங்க.