இளவரசியின் ஊசியும் சோனகத்தெருவின் ஊசியும்

நாடிழந்த இளவரசி என்றால் எழுதுகிறவர்களின் பேனாவுக்குத் தனி உற்சாகம் பிறந்துவிடுகிறது. மேரி ஷெர்வஷிட்ஸே இதற்கு நல்ல உதாரணம். அப்காசியாவை ஆண்ட குலத்தில் தோன்றிய ஜோர்ஜியச் சீமாட்டி. 1921 பெப்ரவரியில் செஞ்சேனை திபிலீசியைக் கைப்பற்றியபின் நாட்டைவிட்டு வெளியேறிப் பாரிஸ் சேர்ந்தார். அங்கே கோகோ ஷனெலின் ஆடைகளை அணிந்து காட்டும் மொடலானார். அவரது பேரழகு, இழந்த செல்வம், பாரிஸ் நாகரிக உலகில் அவர் கண்ட புதுவாழ்வு ஆகியவற்றை எழுதி எழுதி இன்னும் சலிக்கவில்லை.

அந்த அம்மையார் மீது எனக்குக் கோபம் இல்லை. உழைத்துச் சாப்பிட்டார், அது கௌரவமான காரியம். ரஷ்யாவின் கடைசிச் சக்கரவர்த்தியின் சிற்றப்பா மகளான மரியா பாவ்லோவ்னாவும் பூத்தையல் இயந்திரத்தை இயக்கக் கற்று, 1921இல் 'கிட்மிர்' என்ற நிலையத்தைத் தொடங்கி ஷனெலின் ஆடைகளுக்குப் பூவேலை செய்து கொடுத்தார். அதுவும் பாராட்டத்தக்கதே. என் கோபமெல்லாம், விழுந்த உயரத்தை வைத்து அகதியின் துயரத்தை அளப்பவர்கள் மீதுதான்.

இந்த அளவுகோலை எங்கள் மாம்புரிக்குக் கொண்டுவந்து பாருங்கள். 1990 ஒக்டோபரில் வட மாகாண முஸ்லிம்கள் ஏறத்தாழ 75,000 பேரை விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். யாழ்ப்பாணத்தில் கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணி நேரம். பெண்களின் நகைகள் கழற்றப்பட்டன. மன்னாரிலிருந்து படகேறிய பலர் கற்பிட்டிக் கரையில் இறங்கினர். மாம்புரி அமைந்திருக்கும் இந்தக் குடாநாட்டில் தென்னந்தோப்புகளுக்குள் கிடுகுக் கொட்டில்கள் முளைத்தன.

வந்தவர்களில் தையற்காரர்கள் இருந்தார்கள். யாழ்ப்பாண நகரில் தையற்கலை முஸ்லிம்களின் பரம்பரைத் தொழில்களுள் ஒன்று. சோனகத்தெருக்காரரின் கைபட்ட சட்டையை அணிந்து மணவறையில் அமர்ந்த தமிழர் பலர். தையல் இயந்திரத்தை இரண்டு மணி நேரத்தில் யாரால் தூக்கிவர முடியும்? கத்தரிக்கோல் பிடித்த கை இங்கே வெங்காயத் தோட்டத்தில் கூலிக்குக் களை பிடுங்கியது. அதை எவரும் 'புதுவாழ்வு' என்று எழுதவில்லை. சீமாட்டி தொழிலாளியானால் அது காவியம். தொழிலாளி தன் தொழிலையே பறிகொடுத்தால் அது நிவாரணப் பட்டியலில் ஒரு குடும்ப அட்டை. இதுதானே நம் நியாயம்?

ஐரோப்பியப் பத்திரிகைகளை மட்டும் குறைசொல்லித் தப்ப முடியாது. 1983க்குப் பின் எம்மவர் பாரிசுக்கும் இலண்டனுக்கும் டொரொண்டோவுக்கும் அகதிகளாகச் சென்ற கதையைத் தமிழில் நிறையவே எழுதியிருக்கிறோம், எழுதத்தான் வேண்டும். ஆனால் தமிழையே தாய்மொழியாகக் கொண்ட அயலவரைத் தமிழின் பெயரால் துரத்திய கதை வந்தால் பலருடைய பேனாவில் மை வற்றிவிடுகிறது. "அது போர்க்காலம்" என்று ஒரு வரி, "துன்பியல் நிகழ்வு" என்று இன்னொரு வரி. அத்தோடு சரி. போர் 2009இல் முடிந்துவிட்டது. அந்தச் சாக்கும் அன்றோடு முடிந்திருக்க வேண்டும்.

திரும்பிப் போனவர்கள் உண்டு. இங்கேயே வேரூன்றிவிட்டவர்களும் உண்டு. வெளியேறியபோது கைக்குழந்தையாயிருந்தவர் இன்று நடுவயதை எட்டுகிறார். மூத்த தையற்காரர்களோ ஒவ்வொருவராக மறைந்து வருகிறார்கள். எந்தத் தெருவில் யாருடைய கடை இருந்தது, எத்தனை இயந்திரங்கள் ஓடின, யார் யாருக்குத் தொழில் பழக்கினார் என்பதெல்லாம் அவர்களோடு மண்ணுக்குள் போகின்றன. அதை எழுதிவைக்கப் பெரிய ஆய்வு நிறுவனம் தேவையில்லை. ஒரு கொப்பியும், கேட்பதற்குக் கொஞ்சம் பொறுமையும் போதும்.

ஷனெலின் மொடலுக்கு எழுத ஆளுண்டு, இனியும் இருப்பார்கள். சோனகத்தெருத் தையற்காரனுக்குத் தமிழன் எழுதாவிட்டால் வேறு யார் எழுதுவார்?