காலர் மைக் கெட்டால் செட்டையே மாற்றணுமா?

குருக்கள் ஐயாவுக்கு மாட்டுகிற காலர் மைக் கரகரக்குது, பாதி மந்திரம் விட்டு விட்டு வருதுன்னு கோயில் வாட்ஸ்அப் குழுவில் மூணு நாளா பேச்சு. கடைக்காரர் "மொத்த செட்டையும் மாத்திடுங்க" என்று சொல்லிட்டார். உபயகாரர் யாராவது கிடைப்பாங்களான்னு நிர்வாகமும் தேட ஆரம்பிச்சாச்சு. ஒலிபெருக்கி பக்கம் நிற்கிற தொண்டன் என்ற முறையில் என் கருத்து: இப்போதைக்கு வேண்டாம்.

இடுப்பில் செருகுகிற பெட்டி, அதாவது டிரான்ஸ்மிட்டர், நல்லாத்தான் இருக்கு. வேற மைக் மாட்டிப் பார்த்தோம், சுத்தமா கேட்குது. ரிசீவருக்கும் ஒண்ணும் இல்லை. கெட்டது நுனியில் பொட்டுக்கடலை அளவில் இருக்கிற எலெக்ட்ரெட் கேப்ஸ்யூல் மட்டும்தான். அபிஷேகத் தண்ணீர், வியர்வை, விபூதி, சாம்பிராணிப் புகை, நெய். நம்ம ஊர் புழுக்கத்தில் இத்தனையும் சேர்ந்தா எது தாங்கும்?

இந்த வகை மைக்கை 1962-ல் அமெரிக்காவில் பெல் ஆய்வுக்கூடத்தில் ஜெர்ஹார்ட் செஸ்லர், ஜேம்ஸ் வெஸ்ட் என்ற ரெண்டு பேர் உருவாக்கினாங்க. உள்ளே மின்னேற்றம் நிரந்தரமா தங்கியிருக்கிற ஒரு மெல்லிய படலம், பக்கத்தில் ஒரு சின்ன டிரான்சிஸ்டர், அவ்வளவுதான். அந்த டிரான்சிஸ்டருக்குக் கொஞ்சம் மின்சாரம் வேணும். அதை இடுப்புப் பெட்டியே கொடுக்குது, பெரும்பாலும் 5 வோல்ட் பக்கம்.

புது கேப்ஸ்யூல் ரெண்டு மூணு வெள்ளிதான். அதில் ரெண்டு கால் இருக்கும். உலோக உறையோடு சேர்ந்திருப்பது எர்த். இன்னொரு கால் வழியாத்தான் மின்சாரம் உள்ளே போகுது, சத்தமும் அதே வழியாத்தான் வெளியே வருது. பலர் கோட்டை விடுவது இங்கேதான். சில பெட்டிகளில் மின்சாரமும் சத்தமும் ஒரே பின். நேரா இணைச்சா போதும். சிலதில் ரெண்டுக்கும் தனித்தனி பின். அப்போ கேப்ஸ்யூலைச் சத்தப் பின்னில் கொடுத்து, அதுக்கும் மின்சாரப் பின்னுக்கும் நடுவில் ஒரு ரெசிஸ்டர் போடணும், 2.2 கிலோ ஓம் மாதிரி. ப்ளக்கைப் பார்த்து மட்டும் முடிவு பண்ணக்கூடாது. பார்க்க ஒண்ணா இருந்தாலும் கம்பெனிக்குக் கம்பெனி உள் இணைப்பு வேற. மல்டிமீட்டர் வைச்சு எந்தப் பின்னில் வோல்ட் வருதுன்னு அளந்துட்டுத்தான் ஈயம் வைக்கணும். அதையும் சட்டுனு முடிக்கணும், சூடு ஏறினா படலம் போயிடும். முக்கியமா, இதை மிக்ஸரில் 48 வோல்ட் வருகிற ஓட்டையில் நேரா குத்திடாதீங்க.

இன்னொரு விஷயம். குருக்கள் ஐயா சட்டை போடுறதில்லை. காலரே இல்லாத இடத்தில் காலர் மைக்! அங்கவஸ்திரத்தில் குத்துறோம், தீபாராதனைக்குக் குனிஞ்சா சரிஞ்சு வயிற்றுக்குப் போயிடுது, துணி உரசி சரசரன்னு கேட்குது. வாய்க்குத் தூரமானதால் நாங்க சத்தத்தை ஏத்துறோம். இந்தச் சின்ன கேப்ஸ்யூல்கள் பெரும்பாலும் நாலா பக்கமும் கேட்கிறவை, அதனால் தவிலும் மணியும் உள்ளே வந்து மந்திரத்தை முழுங்கிடுது, ஸ்பீக்கர் ஊளையிடுது. தூரம் பாதியானால் குரல் சுமார் 6 டெசிபல் கூடும். அதனால் புது கேப்ஸ்யூலைக் காதில் மாட்டுகிற மெல்லிய கம்பியில் பொருத்தி, வாய் ஓரத்தில் நிறுத்தணும் (நேர் எதிரில் வைச்சா மூச்சு புஸ்ஸுன்னு அடிக்கும்), மேலே ஒரு ஸ்பாஞ்ச். முகத்தில் கம்பி வேண்டாம்னு ஐயா நினைச்சா கட்டாயப்படுத்தக் கூடாது. அவர்தான் கருவறைக்குள் நிற்கிறார், நாம இல்லை.

"சாமி காரியத்துக்கு ஒட்டு வேலையா?" என்று ஓர் அண்ணன் குழுவில் கேட்டார். மரியாதையோடு சொல்றேன். தவில் தோல் கிழிஞ்சா தோலை மாத்துறோம். சீவாளி போனால் புதுச் சீவாளி போடுறோம், நாயனத்தைத் தூக்கிப் போடுறதில்லை. இதுவும் அப்படித்தான். பெட்டியே செத்தா அன்னைக்கு வாங்கலாம், நானே உபயத்துக்கு முதல் ஆளா வர்றேன்.

பணம் மட்டும் இல்லைங்க. நடக்க முடியாம வீட்டில் படுத்திருக்கிற நம்ம பாட்டிமார்கள் வெள்ளிக்கிழமை பூஜையை நேரலையில்தான் பார்க்கிறாங்க. அவங்களுக்குத் தேவாரமும் மந்திரமும் வந்து சேருவது இந்த ஒத்தை மைக் வழியா. உபயகாரர் கிடைச்சு, செட் வந்து சேரும் வரைக்கும் அவங்க கரகரப்பையே கேட்டுக்கிட்டு இருக்கணுமா?

ஞாயிற்றுக்கிழமை உச்சிகால பூஜை முடிஞ்சதும் அன்னதான மண்டபத்தில் உட்காரப் போறேன். ஈயம் வைக்கத் தெரிஞ்ச தம்பிகள் வாங்க, தெரியாதவங்களும் வாங்க. ரெண்டு மைக் செய்வோம், ஒண்ணு மாட்ட, ஒண்ணு கையிருப்பு. வெள்ளிக்கிழமை கேட்டுப் பார்த்துட்டு நிர்வாகம் முடிவு எடுக்கட்டும். அதுவரைக்கும் மைக் பொறுப்பில் இருக்கிற பசங்க பூஜைக்கு முன்னால் பேட்டரியை மாத்துங்கப்பா. அது இறங்கிப் போனதுக்கும் மைக்கைத்தான் எல்லாரும் திட்டுறாங்க.