விலை ஏன் ஏறுது? தம்பி தங்கைகளுக்கும் சொல்லுவோம்!



‘மல்லிகைப்பூ ஏன்க்கா இவ்வளவு விலை?’ என்று சின்னப் பிள்ளைகள் கேட்டால் நாம் என்ன சொல்கிறோம்? ‘விலைவாசி ஏறிப்போச்சு, போ’ என்று வாயை அடைத்துவிடுகிறோம். மழை மாதிரி விலையும் தானாக வருது என்று அவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். இது சரியில்லை என்பது என் கருத்து. மேல் வகுப்புப் பொருளியலில் ‘தேவை, அளிப்பு’ என்று வருவதை மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரியவைக்கலாம்.

ஒரு விளையாட்டு சொல்கிறேன். பத்துப் பிள்ளைகளை உட்காரவையுங்கள். ஆளுக்கு ஐந்து புளியங்கொட்டை கொடுங்கள். அதுதான் காசு. நடுவில் நாலு கொய்யாப்பழம். முதலில் மூன்று பேர் மட்டும் கேட்கட்டும். ஒரு கொட்டைக்கே பழம் கிடைக்கும், ஒன்று மிச்சமும் இருக்கும். அடுத்து பத்துப் பேரும் கேட்கட்டும். ‘நான் ரெண்டு தர்றேன்’, ‘நான் நாலு தர்றேன்’ என்று சத்தம் கிளம்பும். பழம் அதே பழம்தான். கேட்கிற ஆள் கூடியதால் விலை ஏறிவிட்டது.

பூவும் இப்படித்தான். பொங்கலுக்கும் தை முகூர்த்தத்துக்கும் எல்லா வீட்டிலும் பூ வேண்டும். அந்த நேரம் பார்த்து மார்கழிப் பனியில் செடி சரியாகப் பூக்காது. அதனால் மதுரை மல்லிகை கிலோ 2,000 ரூபாயைத் தாண்டிய பொங்கல்கள் உண்டு. வெயில் காலத்தில் பூ கொட்டும்போது, முகூர்த்தமும் இல்லாவிட்டால், 300 ரூபாய்க்கும் கீழே போகும். ‘விலை ஏறினா தோட்டக்காரருக்கு லாபம்தானே’ என்று சொல்லிவிட முடியாது. பத்துக் கிலோ பறித்த தோட்டத்தில் ஒரு கிலோகூடத் தேறாவிட்டால் விலை ஏறி என்ன பயன்?

இப்போது விளையாட்டில் ஒரு பிள்ளைக்குக் கொட்டையே கொடுக்காதீர்கள். அவனுக்கும் பசிதான். ஆனால் அவன் கேட்பது கணக்கில் வராது. ஆசை எல்லோருக்கும் உண்டு. கையில் காசோடு கேட்பதை மட்டும்தான் சந்தை ‘தேவை’ என்று எண்ணும். ‘அக்கா, இது அநியாயம்!’ என்று பிள்ளைகள் கத்துவார்கள். கத்தட்டும். அங்கேதான் முக்கியமான பாடம் இருக்கிறது.

2020 மார்ச்சில் கொரோனா வந்தபோது எல்லோரும் ஒரே நேரத்தில் முகக்கவசம் தேடினார்கள். விலை எகிறியது. உடனே மத்திய அரசு, மூன்றடுக்கு முகக்கவசம் 10 ரூபாய்க்கு மேல் விற்கக் கூடாது, 200 மில்லி கிருமிநாசினி 100 ரூபாய்க்கு மேல் விற்கக் கூடாது என்று உத்தரவு போட்டது. நம் ரேஷன் கடையில் 2011 ஜூன் முதல் அரிசி விலையில்லாமல் கொடுப்பதும் இதற்காகத்தான். தலையில் பூ இல்லாமல் ஒரு நாள் போகலாம். சோறு இல்லாமல் போக முடியுமா? எதைச் சந்தையிடம் விடலாம், எதை விடக் கூடாது என்று பிள்ளைகளே யோசிக்கட்டும்.

‘விளையாடுற வயசுல காசுக் கணக்கு எதுக்கு?’ என்று சிலர் கேட்பார்கள். உப்பு வாங்கவும் எண்ணெய் வாங்கவும் கடைக்கு ஓடுவது யார்? அந்தச் சின்னப் பிள்ளைகள்தானே! காரணம் தெரியாத பிள்ளை, ‘அப்பா எனக்கு வாங்கித் தர மாட்டேங்கிறாரு’ என்று அப்பாவைக் கோபிக்கும். தெரிந்த பிள்ளை, ‘முகூர்த்தம் முடியட்டும், அப்புறம் வாங்கலாம்பா’ என்று சொல்லும்.

ஒரு கை புளியங்கொட்டை போதும். நாளைக்கே ஆரம்பிப்போமா?

– ஒன்பதாம் வகுப்பு மாணவி