வானலை யாருடைய சொத்து?

அண்மையில் இலக்கிய நண்பர்கள் சிலர் கூடியிருந்த இடத்தில், தூர்தர்ஷன் தன் தரைவழி ஒளிபரப்பிகளை மூடிவிட்டது பற்றிப் பேச்செடுத்தேன். "ஆன்டெனாவா? அதை இன்னுமா நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள்?" என்று ஒருவர் சிரித்தார். முட்டாள்பெட்டி ஒழிந்தால் நல்லதுதானே, நாலு பேராவது புத்தகத்தைக் கையிலெடுப்பார்கள் என்றார் மற்றொருவர். அவையோர் தலையசைத்தனர். அந்தத் தலையசைப்பை மறுப்பதற்காகவே இதை எழுதுகிறேன். நான் பிறந்து வளர்ந்தது திருவொற்றியூரில் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். என் வாதத்தில் ஊர்ப்பாசம் கலந்திருக்குமானால் வாசகர்கள் அதைக் கழித்துக்கொள்ளலாம்.

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கிற்று. சுவாமி சிவானந்தா சாலையில் இருக்கும் அந்நிலையத்திலிருந்து ராயபுரம் கூப்பிடு தூரம். எண்ணூர்கூட இருபது கிலோமீட்டரைத் தாண்டாது. இடையில் மலையில்லை, குன்றில்லை. ஆகவே காசிமேட்டிலும் தண்டையார்பேட்டையிலும் எங்களூரிலும் ஓட்டுவீட்டுக் கூரையில் ஒரு குழாயை நட்டு அலுமினியக் கம்பிகளைப் பூட்டினால் போதும், படம் வந்துவிடும். கடற்காற்றின் உப்பு இரண்டே வருடத்தில் இணைப்புகளை அரித்துவிடும் என்பதும், காக்கை வந்து அமர்ந்தால் செய்தி வாசிப்பவரின் முகம் இரண்டாகிவிடும் என்பதும் உண்மைதான். காற்றடித்த மறுநாள் கூரைமேல் ஒருவர் கம்பியைத் திருப்புவார். வாசலில் ஒருவர் நிற்பார். உள்ளிருந்து ஒருவர் "வந்திடுச்சு, வந்திடுச்சு, ஐயோ போயிடுச்சு" என்பார். ஆனால் 1980களின் நடுவில் உரிமக் கட்டணமும் ஒழிந்தபின், படம் பார்ப்பதற்காக மாதம் பிறந்ததும் எவரும் எங்கள் வாசலில் வந்து நின்றதில்லை. தொழிற்சாலை முதல் ஷிப்டு முடிந்து வரும் அப்பாவும், வலை பின்னும் பக்கத்து வீட்டுப் பெரியவரும் ஒரே திண்ணையில் உட்கார்ந்து வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்' பார்த்தார்கள்.

புத்தகம் பற்றிக் கவலைப்பட்ட நண்பருக்கு ஒன்று சொல்வேன். பீஷ்ம சாஹ்னியின் 'தமஸ்' நாவலை கோவிந்த் நிஹலானி படமாக்கி 1988இல் தூர்தர்ஷனில் வந்தபோது, அந்நாவலின் பெயரை எங்கள் தெருவில் ஒருவரும் கேள்விப்பட்டிருக்கவில்லை. ஆர்.கே. நாராயணனின் மால்குடியும் எங்களுக்கு முதலில் வந்தது கூரைக்கம்பி வழியாகத்தான். நூலகத்துக்குப் போகும் வழியை எனக்குக் காட்டியதில் அந்தக் கம்பிக்கும் பங்குண்டு.

நிற்க. கம்பியைத் தமிழர்கள் ஏன் கைவிட்டார்கள் என்பதற்கும் நியாயமான காரணமுண்டு. மாலை முழுதும் இந்தி. அரைகுறையாகத் தமிழ். அமைச்சர்கள் அடிக்கல் நாட்டும் செய்தி. 1993 ஏப்ரல் 14 அன்று சன் டிவி தொடங்கியதும் தமிழ்நாடே கேபிளுக்கு ஓடியது என்றால், அந்த ஓட்டத்தில் எங்கள் வீடும் இருந்தது. ஆனால் அப்போது நாம் வெறுத்தது டெல்லியின் நிகழ்ச்சிகளை. அந்த வெறுப்பில் அவை வந்த வழியையும் சேர்த்துத் தூக்கியெறிந்தோம். இந்தி வேண்டாம் என்றவர்கள், அதே வானலையில் தமிழ் வேண்டும் என்று ஏன் கேட்கவில்லை? வானொலியில் அது நடந்திருக்கிறதே. தனியார் பண்பலைகளுக்கு அனுமதி கிடைத்தபின் ராயபுரத்து ஆட்டோ ஓட்டுநர் நாள் முழுதும் தமிழ்ப்பாட்டுக் கேட்கிறார். மாதச் சந்தா என்று யாராவது அவரிடம் கேட்டால் சிரிப்பார். தொலைக்காட்சிக்கு மட்டும் அந்த அனுமதி இன்றுவரை இல்லை.

இத்தனைக்கும் 1995 பிப்ரவரி 9 அன்று, வங்காளக் கிரிக்கெட் சங்கம் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் வானலைகள் பொதுச்சொத்து என்று தீர்ப்பளித்தது. நீதிபதிகள் சாவந்தும் ஜீவன் ரெட்டியும் எழுதிய அத்தீர்ப்பு, அரசின் ஏகபோகத்தை மறுத்ததோடு, பணமுள்ளவர்களின் ஏகபோகமும் கூடாது என்றது. பிறகு நடந்ததைப் பாருங்கள். தனியார் தொலைக்காட்சிகள் எல்லாம் செயற்கைக்கோள் வழியாகக் கேபிளுக்குள் புகுந்தன. தரைவழி அலையை அரசு மட்டும் வைத்துக்கொண்டது. தானும் வளர்க்கவில்லை, பிறருக்கும் விடவில்லை. கடைசியில் 2022 மார்ச் 31க்குள், எல்லைப்புறம் போன்ற இடங்களில் ஏறத்தாழ ஐம்பதை மட்டும் நிறுத்திக்கொண்டு, மற்ற அனலாக் ஒளிபரப்பிகளை மூடுவதென்று பிரசார் பாரதி முடிவெடுத்தது.

காலாவதியான தொழில்நுட்பத்தை மூடுவது குற்றமா என்பார்கள். குற்றமில்லை. அமெரிக்காவில் 2009 ஜூன் 12 அன்று மூடினார்கள். பிரிட்டனில் 2012 அக்டோபரில் அந்த வேலை முடிந்தது. ஆனால் அங்கெல்லாம் அனலாக்கை அணைக்கும் முன்பே டிஜிட்டலை ஏற்றிவிட்டார்கள். பழைய அலைவரிசை ஒன்றில் ஒரு சேனல் போன இடத்தில், இப்போது பல சேனல்கள் போகின்றன, அவற்றில் ஹெச்டியும் உண்டு. நியூ ஜெர்சியில் வசிக்கும் என் மைத்துனர், காகிதத் தடிமனில் ஓர் ஆன்டெனாவை வாங்கி ஜன்னல் கண்ணாடியில் ஒட்டியிருக்கிறார். செலவு ஒருமுறைதான். பெரிய வலையமைப்புகளின் செய்தியும் விளையாட்டும் துல்லியமாக வருகின்றன. கேபிளில் சுருக்கி அனுப்பப்படுவதைவிடப் படம் தெளிவாக இருக்கிறது என்கிறார். ஆன்டெனா என்றதும் சிரித்த நண்பர் தம் பிள்ளை வசிக்கும் நாட்டில் விசாரித்துப் பார்க்கட்டும்.

இங்கும் ஒரு தொடக்கம் இருந்தது. 2016 பிப்ரவரியில் சென்னை உட்பட 16 நகரங்களில் டிவிபி-டி2 என்ற முறையில் டிஜிட்டல் தரைவழி ஒளிபரப்பைத் தூர்தர்ஷன் ஆரம்பித்தது. சில அரசு சேனல்கள் மட்டும். செல்பேசியில் பார்க்க ஒரு டாங்கிளைத் தனியாகச் செருகவேண்டும். அப்படியொன்று இருப்பதை வண்ணாரப்பேட்டையில் எத்தனை பேர் அறிந்தார்கள்? தனியாரையும் சேர்த்துக்கொண்டு இதைப் படிப்படியாக விரிக்கவேண்டும் என்று 2017 ஜனவரி இறுதியில் டிராய் பரிந்துரைத்தது. பரிந்துரை கிடப்பில் கிடக்க, பழைய ஒளிபரப்பிகள் மட்டும் அணைந்தன. புதுப்பாலம் முடிவதற்குள் பழைய பாலத்தை இடித்துவிட்டு, நதிக்கரையில் படகுக்காரரைக் கைகாட்டிவிட்ட கதைதான்.

படகுக்கூலி என்னவென்று பார்ப்போம். 2006 முதல் தமிழக அரசு வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டியை இலவசமாகக் கொடுத்தது. பெட்டி இலவசம், அதில் படம் வரச் சந்தா. 2019இல் டிராய் கொண்டுவந்த முறையில், கட்டணச் சேனல் ஒன்றுகூட வேண்டாம், இலவசச் சேனல்கள் போதும் என்பவரிடமும் மாதம் 130 ரூபாய் வரையும் அதற்குமேல் வரியும் வாங்கலாம் என்றானது. இலவசச் சேனலைப் பார்க்கக் கட்டணம்! இதை எழுதும்போது எனக்கே சிரிப்பு வருகிறது. காசிமேட்டில் மீன்பிடித் தடைக்கால நாட்களில் அடுப்பெரிவதே பாடாக இருக்கும் வீட்டில் அந்தச் சிரிப்பு வராது.

அடுத்தது விளையாட்டு. தேசிய முக்கியத்துவமுள்ள போட்டிகளின் ஒளிபரப்பை, பணம் கட்ட இயலாதவரும் காணும்பொருட்டு, பிரசார் பாரதியோடு பகிரவேண்டும் என்று 2007இல் ஒரு சட்டம் வந்தது. அப்படிப் பகிரப்படுவதைத் தூர்தர்ஷன் தன் சொந்தத் தரைவழி ஒளிபரப்பிலும் டிஷ்ஷிலும் மட்டுமே காட்டலாம், கேபிள்காரர்களுக்குத் தரக்கூடாது என்று 2017 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. அந்த இரண்டில் ஒன்றுதான் 2022இல் அணைந்தது. ஏழைக்கென்று சட்டம் திறந்துவைத்த இரு கதவுகளில் ஒன்றைச் சாத்தியபோது நாடாளுமன்றத்தைக் கேட்டார்களா, நம்மைக் கேட்டார்களா?

மிச்சமுள்ள கதவு ஃப்ரீ டிஷ். 2004 டிசம்பரில் தொடங்கிய அதற்கு மாதச் சந்தா கிடையாது என்பதை மறுக்கவில்லை, நல்ல திட்டம்தான். ஆனால் அதிலுள்ள தனியார் சேனல்களில் பெரும்பகுதி இந்தி. டிஷ்ஷுக்குத் தென்கிழக்கு வானம் மறைவின்றித் தெரியவேண்டும். அடுக்குமாடி வாரியக் குடியிருப்பில் மேற்குப் பார்த்த ஒற்றை ஜன்னல் உள்ளவர் எங்கே மாட்டுவார்? மேலும், அடைமழையில் அந்த அலைவரிசை மங்கிப்போகும். தரைவழி அலைக்கு மழை ஒரு பொருட்டல்ல. வடசென்னைக்காரனுக்கு இது சிறிய விஷயமாகத் தெரியாது. 2016 டிசம்பரில் வர்தா, 2023 டிசம்பரில் மிக்ஜாம். அந்த நாட்களில் கேபிள் அறுந்தது, செல்பேசி ஊமையானது. எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் மிதந்தபோது, தண்ணீர் எங்கே வடிகிறது, யார் வருகிறார்கள் என்று எவரிடம் கேட்பது? மின்சாரமே இல்லாதபோது தொலைக்காட்சி எதற்கு என்பவர்களுக்கு: இன்வெர்ட்டரிலோ பேட்டரியிலோ ஒரு பெட்டியை ஓட்டிவிடலாம். அறுந்த கேபிளை நாம் ஒட்டமுடியாது.

வானலையில் இனி ஒன்றுமில்லை என்ற வாதத்தை அரசே நம்பவில்லை என்பதுதான் வேடிக்கை. இணையமில்லாமல் செல்பேசிக்கு நேரடியாக ஒளிபரப்பும் முறையை 19 நகரங்களில் சோதிக்கப்போவதாக 2024 ஜனவரியில் அறிவித்தார்கள். தொலைத்தொடர்பு நிறுவனங்களின் சங்கம் அதை எதிர்த்தது. எதிர்க்காமல் என்ன செய்யும்? பல நாடுகளில் தொலைக்காட்சி காலிசெய்த 700 மெகாஹெர்ட்ஸ் அலைக்கற்றைக்கு, இங்கே 2022 ஏலத்தில் ஒரே நிறுவனம் 39,000 கோடிக்கு மேல் கொடுத்தது. பயனற்ற காற்றுக்கு யாரும் அவ்வளவு தரமாட்டார்கள். திருவொற்றியூர்க்காரர் மட்டும் அதைப் பயனற்றது என்று நம்பவேண்டுமாம்.

பொது நூலகத்தில் ஓர் அலமாரியை அகற்றினால் கையெழுத்து இயக்கம் நடத்தும் நாம், இதில் மௌனமாக இருந்ததற்குக் காரணம் நம்மில் பெரும்பாலோருக்குச் சந்தா கட்ட வசதி இருப்பதுதான்; முட்டாள்பெட்டி மீதான வெறுப்பெல்லாம் பிறகு சேர்த்துக்கொண்டது. அந்த வெறுப்புக்காரர்கள் வீட்டில் எத்தனை ஓடிடி சந்தா ஓடுகிறது என்று நான் கேட்கப்போவதில்லை. கேட்பதெல்லாம் இவ்வளவே: சென்னையில் டிஜிட்டல் தரைவழி ஒளிபரப்பு முறையாக வரவேண்டும். அதில் தமிழ்ச் சேனல்களுக்கு, தனியார் ஆயினும், இடம் வேண்டும். விற்கப்படும் ஒவ்வொரு தொலைக்காட்சியிலும் அதற்கான டியூனர் கட்டாயமாக இருக்கவேண்டும். 2017இன் டிராய் பரிந்துரை இணையத்தில் கிடைக்கிறது. நண்பர்கள் அதைப் படித்துவிட்டு வரட்டும், ஆன்டெனாவைப் பார்த்துச் சிரிப்பதை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.