நன்மொழியும் உப்பும்

பிரெஞ்சு மொழியில் ‘போன் மோ’ என்றொரு வழக்கு உண்டு. ‘நல்ல சொல்’ என்பது அதன் நேர்ப்பொருள். சமயமறிந்து சுருங்கச் சொல்லும் சாதுரிய வாக்கு என்பது வழக்குப்பொருள். ஆங்கிலேயரும் அதனை அவ்வாறே எடுத்தாண்டனர். கேட்டோர் நகைத்தனர் என்ற ஒன்றே ஒரு சொல்லை நல்லதாக்கிவிடுமோ? ஆக்காது என்பதே எமது துணிபு.

பிரெஞ்சுக்காரர் 1954 வரை ஆண்ட காரைக்காற் பகுதியிலே திருமலைராயன்பட்டினம் உள்ளது. அவ்வூரோடு தொடர்புபடுத்திப் பேசப்படுபவர் 15-ஆம் நூற்றாண்டினரான காளமேகப் புலவர். சிலேடையில் அவருக்கு நிகராவார் அரியர். நாகப்பட்டினத்துக் காத்தான் சத்திரத்தில் உணவு தாமதிக்கவே, அவர் பசியால் வெகுண்டு ஒரு வெண்பாப் பாடினார் என்பது கர்ணபரம்பரைச் செய்தி. பொழுது சாய்ந்தபின் அரிசி வரும்; ஊர் உறங்கும் வேளையில் அது உலையேறும்; ஓரகப்பை அன்னம் இலையில் விழ விடிவெள்ளி எழும் என்பது அதன் வசைப்பொருள். சத்திரத்தார் வருந்தி வேண்ட, ஓரெழுத்தும் மாற்றாது அதற்கே வேறுபொருள் கூறினார்: நாட்டில் அரிசி அருகிய பஞ்சகாலத்தும் இங்கே அரிசி வரும்; அதனை உலையிலிட ஊரார் பசி அடங்கும் என்றார். தைத்த முள்ளைத் தாமே களைந்த அப்பெருந்தகைமையன்றோ அச்சொல்லை நன்மொழியாக்கியது!

இலத்தீன் மொழியில் உப்பைக் குறிக்கும் சொல்லே சாதுரியத்தையும் குறிக்கும். நாமும் சுவையற்ற பேச்சை ‘உப்புச்சப்பில்லாத பேச்சு’ என்கிறோம். கூனிமேட்டுக்கு வடக்கே மரக்காணத்து உப்பளங்களைக் கண்டோர் இவ்வுவமையின் ஆழத்தை உணர்வர். பாத்தியில் நிறுத்திய உவர்நீர் வெயிலில் வற்ற வற்ற உப்பு விளைகிறது. எனினும் நீர் முற்றும் வற்றும்வரை விடலாகாது. எஞ்சிய நீரில் மக்னீசிய உப்புகள் மிகுந்து கசக்கும். அக்கசப்பு நீரை வடித்துவிட்டாலன்றி விளைந்த உப்பும் கெடும்.

சாதுரியமும் அத்தன்மைத்தே. கூனிமேடு போன்ற கரையூர்களிலிருந்து கல்லூரிக்கு வரும் இளைஞனுடைய பேச்சு வழக்கைப் பிடித்து, வகுப்பார் நகைக்க ஒரு சொல் எறிவது எளிது. அதற்குக் கூர்மதி வேண்டுவதில்லை; கூட்டம் இருந்தாற் போதும். அவன் அன்றுமுதல் வாய் திறவாதொழியின், நட்டம் அவனுக்கு மட்டுமன்று. அவன் அறிந்த கடலையும் உப்பையும் பற்றிய செய்திகளை நாம் அனைவரும் இழப்போம்.

மாணவ நண்பர்களே! நகைமொழி வேண்டாமென்று யாம் கூறவில்லை; உப்பின்றி உணவு இறங்குமோ? வலியோர் செருக்கின்மீது அது தாராளமாய் விழுக. எளியோர்மீது எறியுமுன் கசப்பை வடித்துவிடுக. சொல்லப்பட்டவனும் உடனிருந்து நகைப்பானாயின், அதுவே நல்ல சொல்.