ஒரு நாடு தலையசைக்காவிட்டால்

அமெரிக்காவும் ரஷ்யாவும் ஒரே மேசையில் அமரும் அரிய இடங்களுள் ஒன்று, வியன்னாவைத் தலைமையகமாகக் கொண்ட ஐரோப்பியப் பாதுகாப்பு, ஒத்துழைப்பு அமைப்பு. 1975ஆம் ஆண்டின் ஹெல்சிங்கி இறுதிச் சாசனம் அதன் வேர். இன்று 57 நாடுகள் அதில் பங்கேற்கின்றன. தலைமைப் பொறுப்பு ஆண்டுதோறும் ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குக் கைமாறும். தூதர்களின் நிரந்தர மன்றம் வாரந்தோறும் கூடும். தேர்தல் கண்காணிப்பை வார்சாவில் உள்ள அலுவலகம் கவனிக்கிறது. இந்த அமைப்பில் வாக்கெடுப்பு கிடையாது. எல்லா நாடுகளும் ஒப்பினால்தான் முடிவு. சின்னஞ்சிறு சான் மரினோவின் சொல்லுக்கும் வல்லரசின் சொல்லுக்கும் ஒரே எடை தருவது இந்த விதிதான். அமைப்பின் கையைக் கட்டிப்போடுவதும் இதே விதிதான். 2014இல் உக்ரைனுக்குச் சென்ற கண்காணிப்புக் குழுவின் பணி, போர் மூண்டு மக்கள் செத்துக்கொண்டிருந்த 2022 மார்ச்சில் முடிவுக்கு வந்தது. அதை நீட்டிக்க ரஷ்யா இசையவில்லை. 2024க்கான தலைமை எஸ்டோனியாவுக்குக் கிடைக்காமல் மால்டாவுக்குப் போனதற்கும் ரஷ்யாவின் மறுப்பே காரணம். இந்தக் கட்டை அவிழ்க்க வழியே இல்லை என்று சொல்ல முடியாது. மனித உரிமைகளை அப்பட்டமாக மீறும் நாட்டின் ஒப்புதல் இன்றியே நடவடிக்கை எடுக்கும் விதி 1992இல் உருவானது. அதே ஆண்டு யூகோஸ்லாவியா அதன்படி விலக்கி வைக்கப்பட்டது. புதிய கோட்பாடுகளுக்கு ஒருமித்த ஒப்புதல் தேவைதான். ஆனால் வரவுசெலவுக் கணக்கும் கண்காணிப்புக் குழுவும் ஒரே நாட்டின் மறுப்பால் முடங்கக் கூடாது. குற்றம் சாட்டப்பட்டவரின் சம்மதம் கேட்டு எந்த ஊரிலும் காவல் போடுவதில்லை.