முப்பரிமாணப் படத்துக்குத் தனி கேமரா எதற்கு?

ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஊசியில் நூல் கோத்துப் பாருங்கள். நூல் முனை ஊசியின் காதுக்கு முன்னாலோ பின்னாலோ போய் நிற்கும். இரண்டு கண்ணையும் திறந்தால் வேலை சுலபமாகிவிடும். பெரியவர்களுக்கு இரு கண்களுக்கும் நடுவே சுமார் 6.5 சென்டிமீட்டர் இடைவெளி இருக்கிறது. அதனால் இரண்டு கண்ணுக்கும் சற்றே மாறுபட்ட காட்சி கிடைக்கிறது. அந்த வித்தியாசத்தை வைத்துத்தான் எது பக்கத்தில், எது தூரத்தில் என்று மூளை கணக்குப் போடுகிறது.

சாதாரண கேமராவுக்கு ஒரே கண். அதே கேமராவைக் கொஞ்சம் வலப்பக்கம் நகர்த்தி இன்னொரு படம் எடுத்தால் இரண்டாவது கண்ணும் கிடைத்துவிடும். முப்பரிமாணப் புகைப்படத்தின் ரகசியம் அவ்வளவுதான். பிறகு ஏன் இதைப் பலர் செய்வதில்லை?

விற்கப்போய்க் கெட்டது

காரணம், இந்த வித்தை எப்போதும் ஒரு புதுப் பொருளோடு சேர்த்தே விற்கப்பட்டது. 2009இல் ஃபியூஜிஃபில்ம் இரட்டை லென்ஸ் டிஜிட்டல் கேமராவைக் கொண்டுவந்தது. அதே ஆண்டு ‘அவதார்’ வெளியாக, 3டி டிவிகள் கடைகளை நிறைத்தன. 2011இல் இரட்டை கேமரா போன்களும் வந்தன. 2017 வாக்கில் பெரிய நிறுவனங்களே 3டி டிவியைக் கைவிட்டன. “3டி எல்லாம் அப்பவே போயே போச்சுங்க” என்று மக்களும் மறந்துவிட்டார்கள். இப்போது விலை உயர்ந்த போன்களோடும் தலையில் மாட்டும் கருவிகளோடும் அது திரும்பி வந்திருக்கிறது.

உண்மையில் இது புகைப்படக்கலை பரவுவதற்கு முன்பே வந்த யோசனை. இங்கிலாந்தின் சார்லஸ் வீட்ஸ்டன் 1838இலேயே, கையால் வரைந்த இரட்டைப் படங்களைக் கொண்டு இதை விளக்கிவிட்டார். 1858இல் லின்னேயஸ் ட்ரைப் மதுரை, தஞ்சாவூர் பகுதிகளின் இரட்டைப் படத் தொகுப்புகளை வெளியிட்டார். அமெரிக்காவின் ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ் 1861இல் கையில் பிடித்துப் பார்க்கும் எளிய கருவியைச் செய்தார். அதற்குக் காப்புரிமைகூட வாங்கவில்லை. அந்தக் காலத்து ஜோடிப் படங்களை ஸ்கேன் செய்தால் இன்றைய கருவியிலும் பார்க்கலாம். பல 3டி சாதனங்கள் காணாமல்போனாலும், இரண்டு சாதாரணப் படங்கள் காலாவதி ஆவதில்லை.

எடுப்பது எப்படி?

நேராக நின்று, உடல் எடையை இடது காலில் வைத்து ஒரு படம் எடுங்கள். அப்படியே எடையை வலது காலுக்கு மாற்றி இன்னொன்று. கேமரா பக்கவாட்டில் மட்டும்தான் நகர வேண்டும். மேலே, கீழே போகக் கூடாது. சாயவோ திரும்பவோ கூடாது. இரண்டு படத்துக்கும் ஒரே ஜூம், ஒரே வெளிச்ச அளவு இருக்கட்டும். பல போன்களில் திரையை அழுத்திப் பிடித்தால் ஃபோகஸும் வெளிச்சமும் பூட்டிக்கொள்ளும்.

எவ்வளவு நகர்த்துவது? படத்தில் மிக அருகில் இருக்கும் பொருளின் தூரத்தில் முப்பதில் ஒரு பங்கு என்பது கைக்கணக்கு. 2 மீட்டர் தூரத்தில் இருக்கும் தூணுக்கு 6.5 சென்டிமீட்டர் போதும். 30 சென்டிமீட்டரில் இருக்கும் பூவுக்கு 1 சென்டிமீட்டர். 30 மீட்டருக்கு அப்பால் தெரியும் கோபுரத்துக்கு 1 மீட்டர்வரை போகலாம்.

இந்த முறைக்கு ஒரு குறை உண்டு. இரண்டு கிளிக்குக்கும் நடுவே ஆடும் இலை, ஓடும் குழந்தை, போகும் வண்டி எல்லாம் இடம் மாறிவிடும். அசையாத பொருள்களே இதற்கு ஏற்றவை.

பார்ப்பது எப்படி?

இடப்பக்கப் படத்தை இடதுபுறமும் வலப்பக்கப் படத்தை வலதுபுறமுமாக ஒட்டிவைத்து, அட்டைப்பெட்டி விஆர் கண்ணாடியில் பார்க்கலாம். அல்லது ‘ஸ்டீரியோ போட்டோ மேக்கர்’ போன்ற இலவச மென்பொருளில் இரண்டையும் சேர்த்து, சிவப்பு - நீலப்பச்சை கண்ணாடி போட்டுப் பார்க்கலாம். சிவப்பு இடது கண்ணுக்கு. இதில் நிறம் கொஞ்சம் கெடும். பார்க்கும்போது தலைவலித்தால், பெரும்பாலும் ஒரு படம் மேலே, ஒரு படம் கீழே இறங்கியிருக்கும், மென்பொருளில் சரிசெய்துவிடலாம். மாறுகண் போன்ற பிரச்சினை உள்ள சிலருக்கு இந்த ஆழம் தெரியாமல் போகலாம்.

“இவ்வளவு மெனக்கெட்டு யாரு பார்க்கப்போறாங்க?” என்பது நியாயமான கேள்விதான். தினம் எடுக்கும் செல்ஃபிக்கு இது தேவையில்லை. ஒற்றைப் படத்தையே முப்பரிமாணமாக மாற்றித் தரும் செயலிகளும் வந்துவிட்டன. ஆனால், அவை தருவது ஊகம். தூணுக்குப் பின்னால் மறைந்திருப்பதைச் செயலி பார்த்ததில்லை, கற்பனையில் நிரப்புகிறது. இரண்டு இடங்களிலிருந்து எடுத்த படங்களில் இருப்பதோ அங்கே உண்மையாகவே இருந்த ஆழம். எவ்வளவு நகர்த்தினோம் என்று குறித்துவைத்தால், பின்னாளில் தூரத்தைக் கணக்கிடவும் அவை உதவும்.

இடிக்கப்போகும் தாத்தா வீட்டின் முற்றம், வெட்டப்போகும் புளியமரம், சிதைந்துவரும் ஒரு சிற்பம் - நாளைக்கு இருக்காது என்று தெரிந்த எதையும் ஒரு படத்தோடு விட்டுவிடக் கூடாது. அந்த முற்றத்தைப் பார்க்காத பேரப்பிள்ளை ஒருநாள் அதற்குள் எட்டிப்பார்க்க, இன்னொரு கிளிக் போதும். அதற்குச் செலவு எதுவும் இல்லை. ஒரு காலிலிருந்து மறு காலுக்குச் சாய வேண்டும், அவ்வளவுதான்.